மன்னிப்பு டீ

எங்கள் ஆய்வகத்தில் அக்காவுக்குக் கல்லுமூஞ்சி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. சோதனைக்கு வந்து வியர்த்து விறுவிறுத்துப் போன ஏதோ ஒரு மாணவனாக இருக்கும். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை, பெருமைதான். "உன் மூஞ்சிக்கு எவனாவது சம்பளம் குடுப்பானாடி? என் மூஞ்சிக்குக் குடுக்கிறாங்க" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள்.

அவள் வேலை அப்படி. மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடியில், பதற்றம் வந்தால் மனிதர்களின் இதயம் என்ன பாடு படுகிறது என்று அளந்து பார்க்கிற இடம் எங்களுடையது. அளக்க வேண்டுமென்றால் முதலில் பதற்றத்தை வரவழைக்க வேண்டுமே. அதற்குத்தான் அக்கா. சோதனைக்குச் சம்மதித்து வருகிறவரை ஓர் அறையில் நிற்க வைப்போம். எதிரே மேசை, மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு நடுவர்கள். ஒரு வேலைக்கு நேர்காணல் நடப்பதுபோலத் தன் பெருமையைத் தானே பேச வேண்டும். வந்தவர் பேசுவார், அசடு வழியச் சிரித்துப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். எதிரே ஒரு தலையசைப்பு இருக்காது. அது முடிந்ததும் ஒரு பெரிய எண்ணிலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். எங்கேயாவது தடுக்கினால், உப்பும் உறைப்பும் இல்லாத குரலில் அக்கா சொல்வாள்: "தப்பு. முதல்ல இருந்து சொல்லுங்க."

அடுத்த அறையில் கணினி முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். வந்தவர் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி ஒயர் மாட்டுவது, திரையில் கோடு ஓடுவதைப் பார்ப்பது, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றுவது என் வேலை. அக்கா வாயிலிருந்து "தப்பு" வந்த நொடியில் கோடு துள்ளும். ஊரையே ஆட்டிப் படைக்கிற மேலாளர்கள்கூட அவள் முன்னால் பத்தாம் வகுப்பில் தேறாத பையனைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டால் அக்காவைப் போலச் சிரிப்பு மூட்டை வேறு யாரும் கிடையாது. படிக்கட்டில் யாராவது கால் இடறினால் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, தூக்கிய கையோடு சிரிப்பாள். சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும், பிறகு விக்கல் வரும். சோதனை நேரத்தில் சிரிப்பு முட்டினால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அந்தச் சாமர்த்தியம் பழைய வேலையில் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் அவள் மூஞ்சியில்தான் வந்து கத்துவார்கள். சிரித்தாலும் வம்பு, முறைத்தாலும் வம்பு. அதனால் இரண்டும் இல்லாத ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டாள்.

அந்த அலுவலகத்தை மூடியபின் எங்கள் ஆய்வகத்துக்குத் தரை துடைக்க வந்தாள். ஆய்வகத்தை நடத்துகிற டாக்டர் அப்போது சின்னப் பெண், ஆய்வை அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஒருநாள் நடுவராக உட்கார வேண்டியவர் வரவில்லை. சோதனைக்கு ஆள் வந்து காத்திருக்கிறது. டாக்டர் பதறிப்போய் இங்கும் அங்கும் பார்த்தவர், "அக்கா, அந்தத் துடைப்பத்தைக் கொஞ்சம் கீழ வைங்க" என்று சொல்லி ஒரு கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். அக்கா போய் உட்கார்ந்தாள். சோதனைக்கு வந்தவர் ஒரு வக்கீல். பாதிப் பேச்சில் தண்ணீர் கேட்டார். அன்றைக்குத் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அக்காவைக் கட்டிக்கொண்டாராம். துடைப்பம் வேறு கைக்குப் போனது.

அக்கா அந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சோதனை முடிந்த பிறகு, எல்லாம் நடிப்புதான் என்று வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. எங்களுடையதைப் போன்ற இடங்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. அதைத் தன் வாயால் தானே சொல்ல வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். சோதனை முடிந்ததும் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடி வருவாள். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பிஸ்கட். "மன்னிச்சுக்கோங்க தம்பி. அவ்வளவும் நடிப்பு. நீங்க ரொம்ப நல்லாப் பேசினீங்க. எனக்கே வேலை குடுத்துடலாம்போல இருந்துச்சு" என்பாள். வந்தவர் உடம்பில் அப்போதுதான் உயிர் வரும். மன்னிப்பு டீ என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஒருவர் அதைக் குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனதற்கு அக்கா பேருந்து நிறுத்தம் வரை டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "பொய்யை ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுபோக விடக்கூடாதுடி. பாவம்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

டாக்டருக்கும் அக்காவுக்கும் இருந்த ஒட்டுதலைப் பார்த்தால் எனக்கே பொறாமை வரும். டாக்டரின் கல்யாணம் முறிந்து அவர் யார் முகத்திலும் விழிக்காமல் அறைக்குள்ளேயே கிடந்த நாட்களில் அக்கா வீட்டுச் சாப்பாடுதான் அவரைத் தாங்கி நிறுத்தியது. அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், அவரை நான் மாமா என்பேன். மாமாவுக்கு முதுகு போய் வண்டி ஓட்ட முடியாமல் ஆனபோது டாக்டர் வீட்டுக்கே வந்தார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் நீங்க என்கூடத்தான் அக்கா. எதுக்கும் பயப்படாதீங்க" என்றார். அதை நான் என் காதால் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வீடு ஓடியது அக்காவின் மூஞ்சியால். மகள் கல்லூரிக்குப் போனதும் அதனால்தான்.

டாக்டரின் ஆய்வுக்கு வருகிறேன். வந்தவர்களை இங்கே பயமுறுத்தி அளந்தபின், நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி ஒருநாள் வீட்டுக்கு அனுப்புவோம். அது அவர்களுடைய சாதாரண நாளின் துடிப்பை எல்லாம் பதிந்துகொண்டு வரும். இங்கே துள்ளுகிற இதயம் வெளியிலும் துள்ளுகிறதா என்று ஒப்பிட வேண்டும். பிரச்சினை என்னவென்றால், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அக்கா முன்னால் தடதடத்தவர் வீட்டில் பூனைக்குட்டியாகத் தூங்கியிருப்பார். இங்கே அசையாமல் நின்றவருக்கு வெளியில் யாரோ கதவைத் தட்டினாலே கோடு கூரைக்குப் போயிருக்கும். டாக்டருக்கு இது தீராத தலைவலி. "இங்க நாம குடுக்கிறது என்ன அதிர்ச்சி, எந்த நேரத்துல குடுக்கிறோம், எல்லாம் தெரியும். வெளிய என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, ஒண்ணும் தெரியமாட்டேங்குது. நிஜ வாழ்க்கை அதிர்ச்சி ஒண்ணு, நேரம் தெரிஞ்சு கிடைச்சாப் போதும்" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருடம் ஒருநாள், புதிதாக வரும் நடுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி அக்காவை உட்கார வைத்து வீடியோ எடுத்தார்கள். கேமரா முன்னால் அக்கா கோட்டு போட்டுக்கொண்டு சும்மா வெறித்துப் பார்த்தாள். இடையிடையே "தப்பு" என்றாள். "சினிமாக்காரி ஆயிட்டேன்" என்று அன்று முழுக்க ஒரே கும்மாளம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து டாக்டர் அக்காவிடம், "எல்லாரையும் பயமுறுத்துறீங்களே, உங்க இதயம் எப்படி இருக்குன்னு ஒருநாள் பார்ப்போமா?" என்றார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை நானே அவளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியை மாட்டினேன். கூச்சமாக இருக்கிறதென்று நெளிந்து நெளிந்து சிரித்தாள். பக்கத்துத் துறையிலிருந்து வந்த இரண்டு பேர் நடுவர்களாக உட்கார, அக்கா எதிரே நின்றாள். தன் பெருமையை அவள் பேசிய அழகில் நடுவர்களுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது. கணக்கில் தப்பு விட்டாள். "தப்பு" என்றார்கள். "ஆமாங்க, எனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினாள். கோடு அசையவே இல்லை. நாங்கள் கைதட்டினோம்.

பெட்டி மறுநாள் காலை வரை உடம்பில் இருக்க வேண்டும். அதோடு அவள் வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

"என்னக்கா?"

"என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கடி!"

நான் எழுந்தே விட்டேன்.

"அட லூசு, சோதனைடி! பெட்டி மாட்டியிருக்கில்ல? காலையில நான் அசையலைன்னதும் பெருசா ஒண்ணு போட்டுப் பாக்கிறாங்க. அடுத்த மாசத்துல இருந்து நடுவரா ஆளே வேண்டாமாம். என் வீடியோவையே ஓட விடப்போறாங்களாம். ஆள்னா ஒருநாள் போல ஒருநாள் இருக்காதாம், வீடியோன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்குமாம். இந்த மாசத்தோட உங்களுக்கு முடியுது அக்கான்னு சொல்லிட்டு, என் முகத்தைக்கூடப் பாக்கல. நடிக்க வரலை பாவம்."

"நீ என்ன பண்ணே?"

"நான் யாரு? நாக்கை மேல ஒட்டிக்கிட்டேன். சரிங்க டாக்டர்னேன். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிச்சுக்கிறாங்கடி! என்கிட்டயேவா!"

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வேறு எந்த அலுவலகத்திலும், வேறு எந்த வேலைக்காரியும், வேலை போய்விட்டது என்று முதலாளி சொன்னால் நம்பியிருப்பாள். அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், குறைந்தபட்சம் ஏன் என்று கேட்டிருப்பாள். நேரம் குறித்துக்கொண்டு சொல்லும் எதுவும் பொய், அதற்குப் பின்னால் கண்டிப்பாக டீ வரும் என்று அத்தனை வருடம் பழகிப்போன எங்களுக்கு நம்பத் தோன்றவில்லை. நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். டாக்டர் எப்போது டீயைத் தூக்கிக்கொண்டு வருவார், சர்க்கரை போடத் தெரியுமா அவருக்கு என்றெல்லாம் பேசிக்கொண்டோம். சாயங்காலம் வரை டாக்டர் வரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். "பெட்டியைக் கழட்டற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருக்காங்கபோல. விவரம்தான்" என்று அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை நான் வரும்போது அக்கா எனக்கு முன்பே வந்து, ஸ்டிக்கர் கழற்றும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் கவனிக்காமல், "என்னக்கா, மன்னிப்பு டீ வந்துச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கழட்டுடி" என்றாள்.

கழற்றிக்கொண்டே இருக்கும்போது சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் பேருந்தில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பக்கத்தில் எங்கள் கல்லூரி எலக்ட்ரீஷியன். நல்ல மனிதர், வெகுளி. அக்காவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம்.

"அக்கா, நேத்து உங்களைப் பார்த்து நானே பயந்துட்டேன் போங்க" என்றாராம்.

"என்னை எங்க பார்த்தீங்க நேத்து?"

"அந்தச் சோதனை ரூம்லதான். சுவத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். சரியா வருதான்னு உங்க படத்தைப் போட்டுப் பார்த்தாங்க. அப்படியே ஆளு உக்காந்திருக்கிற மாதிரி! அந்த மேசை, நாற்காலியெல்லாம் மாசக் கடைசியில எடுத்துடச் சொல்லியிருக்காங்க. டிவியைத் திரை போட்டு மூடி வச்சிருக்கு, நீங்க பாக்கலையா? உங்களுக்கென்னக்கா, இனிமே நீங்க வீட்ல படுத்துத் தூங்கலாம், உங்க மூஞ்சி வேலைக்கு வந்துடும்."

அவர் சிரித்தாராம். அக்காவும் சிரிக்கப் பார்த்தாளாம்.

எலக்ட்ரீஷியனுக்கு யாரும் நடிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் சோதனைகளில் சுவரில் ஆணி அடிக்கிற அளவுக்கு யாரும் பொய் சொன்னதும் இல்லை. "அந்த ஆளு இறங்கிப் போயிட்டாரு. நான் இறங்க வேண்டிய இடம் வந்துச்சு, போச்சு. நான் இறங்கல. கடைசி நிறுத்தத்துல கண்டக்டர் வந்து எழுப்புற மாதிரி தோளைத் தட்டினாரு. தூங்கலைங்கன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து மாமாகிட்டச் சொல்லலை. பொண்ணு, என்னம்மா பெட்டி இதுன்னு கேட்டா. சோதனைம்மான்னு சொன்னேன்" என்றாள் அக்கா.

பெட்டியிலிருந்ததைத் திரையில் போட்டேன். காலைச் சோதனையில் கோடு அமைதியாகப் போனது. மத்தியானம், டாக்டர் அறையிலும் அதே அமைதி. சாயங்காலம் ஓரிடத்தில் நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. நான் எத்தனையோ பேருடையதைப் பார்த்தவள், அப்படி ஓர் ஏற்றத்தைப் பார்த்ததில்லை. ஏறியது இறங்கவும் இல்லை. இரவெல்லாம் அந்த இதயம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். அக்காவைப் பார்த்துத் தயங்கினார். பிறகு திரையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்த விதத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மத்தியான நேரத்தின் மேல் விரலை வைத்தார்.

"பாருங்க அக்கா! நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? ராத்திரி தூக்கமே இல்ல. உங்களுக்கு ஒண்ணுமே ஆகலை. எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டிருக்கீங்க!"

டாக்டரின் விரல் நகர்ந்து சாயங்காலத்துக்குப் போனது.

"இது என்ன இது? பஸ்ஸுக்கு ஓடினீங்களா? யாராவது தகராறு பண்ணாங்களா?"

"இல்ல டாக்டர். நின்னுட்டுதான் இருந்தேன்" என்றாள் அக்கா. "நீங்க மத்தியானம் சொன்னதைச் சோதனைன்னு நினைச்சேன். பஸ்லதான் நிஜம்னு தெரிஞ்சுது."

டாக்டர் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று இன்றைக்கும் என்னிடம் சிலர் வாதாடுகிறார்கள். கெட்டவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் அப்போது சொன்னது இதுதான்: "நான் எதையும் மறைக்கலையே அக்கா. நேர்லதானே சொன்னேன். மேலிடத்து முடிவு, என் கையில இல்ல."

"பெட்டி மாட்டின அன்னைக்கு எதுக்குச் சொன்னீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான். கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஆகிட்டா நமக்குத் தெரியணும்ல?"

"தெரியணும்னா கையைப் பிடிச்சுப் பார்த்திருக்கலாமே டாக்டர்" என்றாள் அக்கா. "பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

கையெழுத்து வாங்கியாயிற்று, விதிப்படி எல்லாம் சரி, யாரும் எதுவும் கேட்க முடியாது. நேரம் தெரிந்த ஒரு நிஜ அதிர்ச்சி வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது, அவருக்குச் சோறு போட்டவளின் நெஞ்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கிக் கீழே போட்டிருப்பேன். போடவில்லை. எனக்கும் அந்த வேலைதான் சோறு.

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். அந்த முகம் அப்படி உடைந்து நான் பார்த்ததே இல்லை. உதடு கோணி, மூக்கு ஒழுகி, குழந்தை அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். "உன்னை என் கூடப்பிறந்தவளா நினைச்சேனே" என்றாள். அத்தனை வருடத்தில் டாக்டரை அவள் ஒருமையில் பேசியது அன்றுதான்.

டாக்டர் எழுந்து அவள் பக்கம் ஓரடி வைத்தார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பாதியில் நின்று, என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"பெட்டியைக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"ச்சே" என்றார்.

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, டாக்டரை ஏற இறங்க ஒரு முறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "போறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.